போனில் எந்த பிரவுசர்? வேகம், அந்தரங்கம், பேட்டரி பற்றி ஒரு தொடக்க விளக்கம்

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு மொபைல் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும், பிரவுசரைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் அத்தனையும் காதில் விழுந்துவிடும். குரோம் பேட்டரியைத் தின்னும். பிரேவ் என்ற பிரவுசரைப் போட்டுவிட்டால் யாராலும் பின்தொடர முடியாது. இன்காக்னிட்டோ என்ற ரகசிய ஜன்னலில் பார்த்தால் எங்கும் பதிவாகாது. டேப்களை எல்லாம் மூடிவிட்டால் போன் பறக்கும். இவற்றை முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடிந்தால் வேலை எளிது. ஒவ்வொன்றிலும் கால்வாசி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இத்தனை காலம் செலாவணியில் இருக்கின்றன.

வேகத்துக்கு ஒன்று, அந்தரங்கத்துக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று தரவரிசை போடுவது வழக்கமாகிவிட்டது. என் கணக்கு வேறு. இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன: நாம் கேட்காத எத்தனை நிரல்களை நம் போன் இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது? அதற்கு விடை தெரிந்தால் பிரவுசரின் பெயர் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

கூகுள் வேறு, குரோம் வேறு

கூகுளும் குரோமும் ஒன்றே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை. குரோமைத் திறந்ததும் கூகுள் தேடல் பெட்டிதான் வந்து நிற்கிறது. குழம்புவதில் வியப்பில்லை. கூகுள் என்பது தேடுபொறி, அதாவது நாம் தட்டும் சொற்களுக்குப் பொருத்தமான பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று பட்டியல் தரும் இணையத்தளம். பிரவுசர் என்பது நம் போனில் இருக்கும் செயலி. எந்தத் தளமானாலும் அதன் பக்கத்தை வாங்கிவந்து திரையில் காட்டுவது அதன் வேலை. குரோமில் இருந்துகொண்டே டக்டக்கோ என்ற இன்னொரு தேடுபொறியில் தேடலாம். ஃபயர்பாக்ஸில் இருந்துகொண்டே கூகுளில் தேடலாம். ஆகவே பிரவுசரை மட்டும் மாற்றிவிட்டுத் தேடுபொறியைப் பழையபடியே வைத்திருப்பவர் என்னென்ன தேடினார் என்பது கூகுளுக்கு முன்போலவே போய்ச் சேரும்.

வாங்கிவந்து காட்டுவது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். உள்ளே நடப்பது கொஞ்சம் நீளம். முகவரியைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய கணினி எந்த எண்ணில் இருக்கிறது என்று பிரவுசர் முதலில் விசாரிக்கிறது. பிறகு அந்தக் கணினியோடு பூட்டுப் போட்ட ஓர் இணைப்பை ஏற்படுத்துகிறது. முகவரியின் தொடக்கத்தில் நாம் பார்க்கும் எச்.டி.டி.பி.எஸ். என்பது அந்தப் பூட்டுதான். அதன் பின் பக்கத்தின் எலும்புக்கூடான எழுத்துக் கோப்பு வருகிறது. அதைப் படிக்கப் படிக்க, இந்தப் படத்தை இங்கே போய் வாங்கு, அந்த எழுத்துருவை அங்கே போய் வாங்கு என்று உத்தரவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு வாங்கி, அடுக்கி, வண்ணம் பூசிக் காட்டியாக வேண்டும்.

கூடவே வருவது ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தோடு இறங்கி வந்து, நம் போனின் பிராசஸரிலேயே ஓடும் சிறு நிரல்கள் என்று இதைச் சொல்லலாம். 1995-ல், அந்நாளைய பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். படிவத்தில் பிறந்த தேதியைத் தவறாக எழுதினால் உடனே சிவப்பில் காட்டுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு என்று வந்தது. இன்று வரைபடம், வங்கிக் கணக்கு, வீடியோ, விளம்பரம் எல்லாம் அதன் தலையில்தான் ஓடுகின்றன. அதே ஐக் பின்னாளில் ஃபயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லாவிலும், அதன் பிறகு பிரேவிலும் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார்.

சுருக்கமாக: தேடுபொறி பட்டியல் தருகிறது, பிரவுசர் பக்கத்தை வாங்கி அடுக்கிக் காட்டுகிறது, பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நம் போனின் உழைப்பில் ஓடுகிறது.

வேறு பெயர், அதே என்ஜின்

பிரவுசருக்குள் இந்த அடுக்கும் வேலையைச் செய்யும் பகுதிக்கு என்ஜின் என்று பெயர். பிளே ஸ்டோரில் பிரவுசர்கள் குவிந்துகிடந்தாலும் உலகில் பரவலாக இருக்கும் என்ஜின்கள் மூன்றுதான். ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ, கூகுளின் பிளிங்க். பிளிங்கும் 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

ஆண்ட்ராய்டில் குரோம், எட்ஜ், ஓப்ரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகிய எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது பிளிங்க். ஃபயர்பாக்ஸ் மட்டும் தன் கெக்கோவுடன் தனியே நிற்கிறது. ஐபோனில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே எந்த பிரவுசரானாலும் வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து அங்கு ஆப்பிள் விதியைத் தளர்த்தியது. நம் ஊர் ஐபோனுக்கு அந்தச் சலுகை வரவில்லை. ஆகவே புதுச்சேரியில் ஐபோன் வைத்திருப்பவர் சஃபாரியை விட்டுக் குரோமுக்குப் போனாலும் என்ஜின் மாறுவதில்லை. புக்மார்க், கடவுச்சொல், யாருடைய கணக்கில் எல்லாம் சேருகிறது என்பவைதான் மாறும்.

இதனால் கிடைக்கும் பாடம்: ‘எங்கள் பிரவுசர் இத்தனை மடங்கு வேகம்’ என்று விளம்பரம் வந்தால், என்ஜினால் அந்த வேகம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்த பிரவுசர் எதையோ இறக்காமல் விட்டிருக்கிறது. எதை விட்டது என்று கேட்க வேண்டும்.

ஒரு செய்திப் பக்கம் திறக்கும் கதை

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். வண்டி ரெட்டிச்சாவடியைத் தாண்டுகிறது. முதலில் தலைப்பு வருகிறது. இரண்டு வரி படிப்பதற்குள் மேலே ஒரு கட்டம் விரிந்து எழுத்தையெல்லாம் கீழே தள்ளுகிறது. விட்ட வரியைத் தேடிப் பிடித்தால், அடியில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்குகிறது. ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. அதன் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொடப்போகும் அந்த நொடியில் பக்கம் இன்னொரு முறை குதிக்க, விரல் விளம்பரத்தின் மேல் விழுகிறது. வேறொரு பக்கம் திறக்கிறது.

நாம் கேட்டது நாலு பத்திச் செய்தி. அந்த எழுத்துகளின் எடை சில பத்து கே.பி. மட்டுமே. இன்று ஒரு நடுத்தர இணையப் பக்கத்தின் மொத்த எடை 2 எம்.பி.யைத் தாண்டுகிறது. மீதியில் கணிசமான பங்கு படங்களுக்கு. அவை தேவையாகவும் இருக்கலாம். இன்னொரு பங்கு, விளம்பரத்தை எந்த நிறுவனம் போடுவது என்று நொடிக்குள் ஏலம் நடத்தும் நிரல்கள், நீங்கள் எவ்வளவு தூரம் உருட்டினீர்கள் என்று அளக்கும் நிரல்கள், முந்தைய தளத்தில் என்ன பார்த்தீர்கள் என்று விசாரிக்கும் நிரல்கள். செய்தித்தளத்தின் கணினியிலிருந்து வருபவையாக இவை பெரும்பாலும் இருப்பதில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பெயர் விசாரணை, புதிதாக இணைப்பு, புதிதாகப் பூட்டு. நல்ல டவர் இருக்கும் வீட்டுத் திண்ணையில் இது உறைக்காது. ஓடும் பஸ்ஸில், போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பற்றிக்கொள்ளும் இடைவெளியில் நன்றாகவே உறைக்கும்.

விலை குறைந்த போன்களுக்கு இரட்டைச் சுமை. வந்து சேர்ந்த ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்துப் படித்து ஓட்டுவதும் பிராசஸரின் வேலைதானே. அதே பக்கம், அதே டவர், விலையுயர்ந்த போனில் சட்டென்று திறக்கும். நாலு வருடப் பழைய போனில் திக்கித் திணறும். பழி நெட் மீது விழும்.

எனவே விளம்பரத் தடுப்பு உள்ள பிரவுசர் வேகமாக இருப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்த மூன்றாம் ஆட்களைத் தேடிப் போவதையே அது நிறுத்திவிடுகிறது. தடுப்புப் பட்டியலில் உள்ள முகவரியா, கேட்காதே, அவ்வளவுதான். இங்கே ஒரு மனச்சங்கடமும் உண்டு. சிறிய தமிழ்ச் செய்தித்தளங்களும் சமையல் தளங்களும் அந்த விளம்பரக் காசில்தான் உயிர் பிழைக்கின்றன. எனக்குப் பயன்படும் தளங்களுக்கு மட்டும் தடுப்பை நீக்கி வைத்திருக்கிறேன். பக்கத்தைக் குதிக்க வைக்கும் தளங்களுக்கு அந்த இரக்கம் கிடையாது.

டோக்கன் எண்ணும் குக்கியும்

அந்தரங்கம் என்றதும் எல்லோரும் குக்கியைத் திட்டுகிறார்கள். அது என்ன என்று பார்த்துவிட்டுத் திட்டுவோம்.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் ஒரு டோக்கன் தருகிறார்கள். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. மாலையில் டோக்கனைக் காட்டினால் உங்கள் வண்டி வந்துவிடுகிறது. குக்கியும் இதுதான்: ஒரு தளம் உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் சிறு குறிப்பு, அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் பிரவுசர் அதைத் தானாக எடுத்துக் காட்டும். 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுல்லி இதைக் கொண்டுவந்தபோது, வாங்கப்போகும் பொருள்களைத் தளம் மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். குக்கி இல்லாவிட்டால் மின்கட்டணம் கட்டும் தளம் ஒவ்வொரு சொடுக்கிலும் ‘நீங்கள் யார்’ என்று முதலிலிருந்து கேட்கும்.

இப்போது அந்த ஸ்டாண்ட் ஒப்பந்தக்காரர் ஒரு காரியம் செய்கிறார். மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடை, செம்மண்டலத்தில் ஒரு ஜவுளிக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு கண் மருத்துவமனை என்று எல்லா வாசலிலும் தன் ஆள் ஒருவரை நிறுத்திவிடுகிறார். கடைக்காரர்களுக்கு அதற்குக் காசு. நீங்கள் நுழையும்போதெல்லாம் அந்த ஆள் சட்டைப்பையில் இருக்கும் டோக்கன் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். உங்கள் பெயர் இன்னும் தெரியாது. ஆனால் இந்த எண்காரர் காலையில் சர்க்கரை மாத்திரை விலை கேட்டார், மதியம் கண் டாக்டரைப் பார்த்தார், மாலையில் அரைப் பவுன் மோதிரம் பார்த்தார் என்று ஒரே நோட்டில் வரிசையாக ஏறிவிடுகிறது.

இணையத்தில் இந்த ஆளின் இடத்தில் இருப்பது மூன்றாம் தரப்பு குக்கி. நீங்கள் போன தளம் ஒன்று; அதன் பக்கத்துக்குள் விளம்பரக் கட்டமாகவோ கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகவோ உட்கார்ந்திருக்கும் நிறுவனம் வேறு. அந்த நிறுவனத்தின் கட்டம் ஆயிரக்கணக்கான தளங்களில் இருப்பதால், ஒவ்வொன்றிலும் உங்கள் பிரவுசர் அதே குக்கியை எடுத்துக் காட்டுகிறது. இப்படித் தளம் தளமாகப் பின்தொடரும் நிரலுக்கு டிராக்கர் என்று பெயர். போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்டு விளம்பரம் போடுகிறது என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு இந்த நோட்டு தடிமனானது.

பிரவுசர்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கிகளை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2019 முதல் தெரிந்த டிராக்கர்களின் குக்கிகளைத் தானாகவே தடுக்கிறது. பிரேவ் அந்தக் கட்டத்தையே இறக்குவதில்லை. கூகுள் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளில் குரோமிலிருந்து இவற்றை நீக்கிவிடுவதாக அறிவித்தது. பிறகு தள்ளிப் போட்டது, மறுபடி தள்ளிப் போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் வேறு எப்படிச் செய்யும் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் குரோமின் செட்டிங்ஸில் நாமே இவற்றைத் தடுத்துவிடலாம். அரை நிமிட வேலை, செய்தவர்களைத்தான் காணோம்.

குக்கி இல்லாமலும் ஆளை அடையாளம் காண ஒரு வழி உண்டு. திரை அளவு, போன் மாதிரி, மொழி, நேர மண்டலம், எழுத்துருக்கள் என்று நூறு சின்ன விவரங்களைச் சேர்த்தால் அந்தக் கலவை கிட்டத்தட்ட உங்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். இதைக் கைரேகை முறை என்பார்கள். சஃபாரி, பிரேவ், ஃபயர்பாக்ஸ் மூன்றும் இதை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. முழுத் தீர்வு யாரிடமும் இல்லை.

சுருக்கமாக: ஒரு தளம் தன் சொந்த வேலைக்கு வைக்கும் குக்கி நமக்குத் தேவை. பல தளங்களில் உட்கார்ந்து ஒரே எண்ணைத் தொடரும் மூன்றாம் தரப்பைத் தடுத்தால் அந்தரங்கமும் மிஞ்சும், முன்பகுதியில் சொன்ன வேகமும் கிடைக்கும்.

இன்காக்னிட்டோ மறைப்பது யாரிடமிருந்து?

உங்கள் போனை அடுத்துக் கையில் எடுப்பவரிடமிருந்து. அவ்வளவே. பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கிகளும் ஜன்னலை மூடியதும் அழிந்துவிடும். நீங்கள் போன தளத்துக்கு உங்கள் வருகை தெரியும். உள்ளே கணக்கில் நுழைந்தால் பெயரும் தெரியும். நெட் தரும் நிறுவனத்துக்கும், கடற்கரைச் சாலை விடுதியில் வைஃபை கொடுத்தவருக்கும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும், எச்.டி.டி.பி.எஸ். பூட்டு இருப்பதால் அங்கே என்ன படித்தீர்கள், என்ன தட்டினீர்கள் என்பது மட்டும் தெரியாது.

இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. 2020-ல் அமெரிக்காவில், இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும் கூகுள் தரவு சேகரித்தது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2024-ல் அது சமரசத்தில் முடிந்தது. பழைய பதிவுகளை அழிக்கவும், இன்காக்னிட்டோ திறக்கும்போது காட்டும் விளக்கத்தைத் திருத்தவும் கூகுள் ஒப்புக்கொண்டது. அந்த விளக்கம் ஒவ்வொரு முறையும் திரையில் வருகிறது. ஒருமுறை நின்று படித்துவிடுங்கள்.

பேட்டரி எங்கே போகிறது

இந்தக் கடற்கரைக்காரர்களுக்குப் பேட்டரி என்பது சொகுசுப் பேச்சு அல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஓர் இரவில் கரன்ட் இல்லாமல், 30 சதவீதச் சார்ஜில், வானிலைத் துறையின் ராடார் படத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு சதவீதமும் கணக்கு.

பிரவுசர் திறந்திருக்கும்போது மூன்று இடங்களில் மின்சாரம் செலவாகிறது. முதலாவது திரை. இதில் பிரவுசரின் பங்கு குறைவு. ஒலெட் திரையில் கறுப்புப் பகுதியின் புள்ளிகள் அணைந்திருப்பதால் டார்க் மோடு உதவும். ஆனால் எவ்வளவு? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-ல் அளந்து பார்த்தது. வெளிச்சத்தை முழுதாக வைத்தால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சம். வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30–50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. விலை குறைந்த போன்களில் இருக்கும் எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் சொல்லும்படி மிச்சமில்லை. டார்க் மோடைத் தேடுவதைவிட வெளிச்சத்தைக் குறைப்பது மேல்.

இரண்டாவது பிராசஸர். அதைப் பற்றி முன்பே சொல்லியாயிற்று: ஏலம் நடத்தும் நிரல்களும் தானாக ஓடும் வீடியோவும் அதைத் தூங்க விடுவதில்லை.

மூன்றாவது, பலர் யோசிக்காதது: டவரோடு பேசும் ரேடியோ. ஒரு சின்ன கோப்பை அனுப்பி முடித்தவுடன் ரேடியோ அணைந்துவிடுவதில்லை. அடுத்த வேலை வருமோ என்று சில நொடிகள் விழித்தே இருந்து, பிறகுதான் ஓய்வுக்குப் போகிறது. எனவே ஒரே மூச்சில் 2 எம்.பி. இறக்குவதைவிட, பத்து நொடிக்கு ஒருமுறை துளித்துளியாகத் தரவு அனுப்பும் பக்கம் கொடியது. ரேடியோவுக்கு உறக்கமே கிடைக்காது. டிராக்கர்களில் பல இப்படித்தான் ‘இன்னும் படிக்கிறார், இன்னும் படிக்கிறார்’ என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். டவர் பலவீனமாக இருந்தால் போன் இன்னும் உரக்கக் கத்த வேண்டும்; செலவு ஏறும். புயல் இரவில் சார்ஜ் சரசரவென்று இறங்குவதற்கு இதுவும் காரணம்.

டேப்களை மூடுவது பற்றி ஒரு வார்த்தை. இன்றைய பிரவுசர்கள் பின்னால் கிடக்கும் டேப்களைத் தாமே உறங்க வைத்துவிடுகின்றன. நாற்பது டேப் திறந்து கிடப்பது பார்க்க அலங்கோலம்தான். பேட்டரிக்கு அவ்வளவு கேடில்லை. மாறாக, பிரவுசரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தள்ளி மூடுவதும், ‘கிளீனர்’ செயலி போட்டு கேச்சைத் துடைப்பதும் எதிர்ப்பலனைத்தான் தரும். கேச் என்பது முன்பே இறக்கிய படங்களையும் எழுத்துருக்களையும் மறுமுறைக்காகப் போனில் எடுத்து வைப்பது. அதைத் துடைத்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். டேட்டாவும் போச்சு, சார்ஜும் போச்சு.

இலவசமாகத் தருபவருக்கு வருமானம் எங்கிருந்து?

பிரவுசருக்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஆனால் அதன் தேடல் பெட்டிக்கு வேறொருவர் கொடுக்கிறார். சஃபாரியில் கூகுளே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக, 2022-ல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளியே வந்தது. மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருவதே. பிரேவ் தன் சொந்த விளம்பரங்களில் சம்பாதிக்கிறது. 2020-ல், சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டினால் தன் தரகுக் குறியீட்டைச் சேர்த்துவிட்டது அம்பலமாகி, அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். யாரும் துறவி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இது வழக்காயிற்று. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளைச் சேர்த்தே கொடுத்ததற்காகவும் தொடர்பான பிற காரணங்களுக்காகவும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பின்னரே, முதல் தேடுபொறியை இந்தியப் பயனாளர்கள் தேர்ந்தெடுக்க வழி செய்வதாகக் கூகுள் அறிவித்தது.

டேட்டாவை மிச்சப்படுத்தும் பிரவுசர்களுக்கும் ஒரு விலை உண்டு. ஓப்ரா மினி போன்றவை மிகக் கூடுதல் சேமிப்பு முறையில், பக்கத்தை முதலில் தங்கள் கணினியில் திறந்து, படங்களைச் சுருக்கி, அதைப் போனுக்கு அனுப்புகின்றன. 2ஜி காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் பூட்டு அந்த நடுக் கணினியில் ஒருமுறை திறக்கப்படுகிறது. செய்தி படிக்கப் பரவாயில்லை. வங்கிக் கணக்குக்கு அந்த முறை வேண்டாம். ஒருகாலத்தில் இந்தியாவெங்கும் இருந்த யூசி பிரவுசரை 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளில் ஒன்றாகத் தடை செய்தது. அதை இன்னமும் நண்பரிடமிருந்து கோப்பாக வாங்கி நிறுவுபவர்களுக்குச் சொல்ல நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

சரி, எதைப் போடுவது?

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை, இரண்டு பிரவுசர். கணக்கில் நுழைந்து செய்யும் வேலைகளுக்கு, அதாவது வங்கி, பட்டா, ரயில் டிக்கெட், மின்கட்டணம், தேர்வு முடிவு ஆகியவற்றுக்குக் குரோம். அரசுத் தளங்கள் பெரும்பாலும் அதில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. கடுமையான தடுப்பு இருந்தால் பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றுவிடக்கூடும். மற்ற மேய்ச்சலுக்கெல்லாம் இன்னொன்று. எதையும் மாற்றியமைக்கப் பொறுமையில்லாதவர் பிரேவைப் போட்டு, அதன் முகப்பில் வரும் கிரிப்டோ சமாச்சாரங்களை அணைத்துவிடட்டும். கொஞ்சம் கைவைத்துப் பார்க்கத் தயாரானவருக்கு ஃபயர்பாக்ஸும், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனும். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். ஆண்ட்ராய்டு குரோமில் அதற்கு வழியில்லை. பழைய, நினைவகம் குறைந்த போனில் ஃபயர்பாக்ஸ் கொஞ்சம் கனமாகத் தெரியலாம். அங்கே பிரேவே போதும். சாம்சங் போன் என்றால் அதன் சொந்த பிரவுசரிலேயே விளம்பரத் தடுப்பான் சேர்க்கலாம்.

ஐபோன்காரர் எங்கும் போக வேண்டாம். சஃபாரி, அதோடு ஆப் ஸ்டோரில் கிடைக்கும் ஒரு விளம்பரத் தடுப்புச் செயலி. முடிந்தது.

எந்த பிரவுசரானாலும் மூன்று செட்டிங்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். மூன்றாம் தரப்பு குக்கி தடுப்பு, தேடுபொறித் தேர்வு, தளங்களின் அறிவிப்பு அனுமதி. மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகத் தொல்லை. ‘உங்கள் போனில் 13 வைரஸ்’ என்று திடீர் திடீரென்று செய்தி வந்து பயந்துபோய்க் கடைக்குப் போனை எடுத்துச் செல்பவர்கள் உண்டு. பல நேரங்களில் அங்கே வைரஸ் ஏதும் இருக்காது. என்றோ ஒரு சினிமா தளத்தில் ‘அனுமதி’ என்பதைத் தொட்டிருப்பார்கள். அந்தத் தளம் அன்று முதல் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். பட்டியலில் அதை நீக்கினால் வைரஸ் போய்விடும்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். ஆண்ட்ராய்டு செயலிப் பட்டியலில் சிஸ்டம் வெப்வியூ என்று ஒன்று இருக்கும். மற்ற செயலிகள் தங்களுக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டப் பயன்படுத்தும் உறுப்பு அது. 2021 மார்ச்சில் அதன் ஒரு பிழையான அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. வேண்டாத பொருள் என்று நினைத்து அதை முடக்கினாலும் சில செயலிகள் இதேபோல் படுத்துவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் ஓட்டை ஒன்று மிச்சம். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு இணைப்பைத் தொட்டால் அது நீங்கள் தேர்ந்தெடுத்த பிரவுசரில் திறப்பதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிறது. உங்கள் தடுப்பான், குக்கி விதிகள் எதுவும் அங்கே செல்லாது. மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறக்கச் சொல்லுங்கள். நாளின் பெரும்பகுதியை அந்தச் செயலிகளிலேயே கழிப்பவருக்கு, எந்த பிரவுசர் என்ற இந்த விவாதமே பாதிதான் பொருந்தும்.

புதிய பிரவுசர் பயன் தருகிறதா என்று பார்க்க, வழக்கமாகப் படிக்கும் அதே தளங்களை ஒரு வாரம் அதில் படியுங்கள். பிறகு போனின் பேட்டரி செட்டிங்ஸில் அந்தச் செயலியின் சதவீதத்தோடு, அது எத்தனை மணி நேரம் திரையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாலு மணி நேரம் ஓடியது அரை மணி நேரம் ஓடியதைவிட அதிகம் தின்றிருப்பது குற்றமில்லை. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லையென்றால், பழைய பிரவுசருக்கே திரும்பி, குக்கி தடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு இருந்துவிடலாம்.